கண்ணும் ஆடியும்: எஸ்பெராண்டோவின் ஒரு கூட்டுச்சொல்லை வேர்வரை பிரித்துப் பார்ப்பது எப்படி?

பல நாட்டவரும் பொதுவாகப் பேசுவதற்கென்று ஆக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் மூக்குக்கண்ணாடியை ‘ஒக்குல்வித்ரோய்’ என்பார்கள். ‘ஒக்குல்’ என்றால் கண். ‘வித்ர்’ என்றால் ஜன்னலிலும் புட்டியிலும் நாம் பார்க்கும் கண்ணாடி என்ற பொருள். இரண்டையும் சேர்த்தால் கண்ணுக்கான கண்ணாடி. சொற்பிறப்பு இவ்வளவுதான் என்று பலரும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். புதிதாகக் கற்க வருபவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, தயவுசெய்து இங்கே நிற்காதீர்கள் என்பதுதான்.

ஒரு கூட்டுச்சொல்லிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். துண்டுகள் எங்கிருந்து வந்தன? அவற்றைச் சேர்த்துப் பெயரிடும் எண்ணம் எங்கிருந்து வந்தது? முதல் கேள்விக்கு அகராதி பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு நாமே பல மொழிகளின் கதவைத் தட்ட வேண்டும். சுவை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வேலையில் ஒரு சாதகம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியிருப்போம். பகுதி, விகுதி, இடைநிலை என்று சொல்லை அக்கக்காகப் பிரித்திருப்போம். தொகைநிலைத் தொடர்களை விரித்திருப்போம். அதே கருவிகளை எடுத்துக்கொண்டு வந்தால் போதும். எஸ்பெராண்டோவில் சந்தியும் விகாரமும் இல்லை என்பதால் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

தொடங்குவதற்கு முன் ஒரு வரலாற்றுச் செய்தி. இந்த மொழியை ஆக்கிய லூட்விக் ஸாமென்ஹோஃப் அதன் முதல் நூலை 1887 ஜூலை 26 அன்று வார்சாவில் வெளியிட்டார். அதில் ஏறத்தாழ 900 வேர்ச்சொற்களும் 16 இலக்கண விதிகளும் இருந்தன. நூலில் மாதிரிக்காகக் கொடுத்த வாசகங்களில், ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் துண்டுகளைச் சிறு குறியிட்டுப் பிரித்து அச்சிட்டிருந்தார். மொழி தெரியாத ஒருவர் கையில் அப்படி ஒரு கடிதம் கிடைத்தாலும், இணைப்பாக வந்த சொற்பட்டியலைப் பார்த்துத் துண்டு துண்டாகப் பொருள் கண்டுவிடலாம் என்பது அவர் எண்ணம். ஆகவே சொல்லை வெட்டிப் பார்ப்பது இந்த மொழியில் ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரிய வேலை அன்று. படிப்பதே அப்படித்தான்.

முதல் படி: எழுத்தைச் சரியாகப் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் எஸ்பெராண்டோ சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். தமிழில் ‘க’ ஒன்றே பல ஒலிகளுக்கு நிற்பதால், சொல்லின் நடுவே வல்லொலி வேண்டிய சில இடங்களில் எழுத்தை இரட்டித்திருக்கிறேன். ஆனால் அகராதியில் தேடும்போது லத்தீன் எழுத்துதான் வேண்டும். நம் சொல்லின் எழுத்துகளை ஆங்கில எழுத்துப் பெயர்களால் சொன்னால்: ஓ, கே, யு, எல், வி, ஐ, டி, ஆர், ஓ, ஜே. மொத்தம் பத்து.

கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ‘ஜே’ எனப்படும் அந்த எழுத்து இங்கே ‘ய்’ என்று ஒலிக்கும். எஸ்பெராண்டோவின் 28 எழுத்துகளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலிதான், எழுதியபடியே படிக்கலாம். அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும்: ஒக்குல்-வித்-ரோய் என்பதில் ‘வித்’ என்ற இடத்தில். காதால் கேட்ட சொல்லைத் தேடுகிறவர்களுக்கு இந்த அழுத்தம் பெரிய உதவி, ஏனென்றால் சொல் எங்கே முடிகிறது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாம் படி: விகுதிகளைக் கழற்றுங்கள்

வலப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ‘ய்’ பன்மை. அதற்கு முன்னால் உள்ள ‘ஓ’ பெயர்ச்சொல்லின் அடையாளம். எழுவாயாக இல்லாமல் செயப்படுபொருளாக வந்தால் கடைசியில் ஒரு ‘ன்’ சேர்ந்து ‘ஒக்குல்வித்ரோய்ன்’ ஆகும். பெயர், பிறகு பன்மை, அதன் பிறகு வேற்றுமை. ‘கண்ணாடி-கள்-ஐ’ என்ற வரிசையே இது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பன்மையும் வேற்றுமையும் ஒரே விகுதிக்குள் கலந்து கிடக்கும். இங்கே தமிழில் போலத் தனித்தனியாக நிற்கின்றன.

பெயரடையாக இருந்தால் ‘ஆ’, வினையடையாக இருந்தால் ‘ஏ’, வினையின் மூல வடிவமாக இருந்தால் ‘இ’ கடைசியில் இருக்கும். காலம் காட்டும் விகுதிகள் ஆஸ், இஸ், ஓஸ் என்பவை: முறையே நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம். இவற்றுக்கு விலக்குகள் இல்லாததால் இந்தப் படியில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. கழற்றியபின் நம் கையில் மிஞ்சுவது ‘ஒக்குல்வித்ர்’.

மூன்றாம் படி: வெட்ட வேண்டிய இடத்தைக் கண்டுபிடியுங்கள்

‘ஒக்குல்வித்ர்’ என்பதை வெட்ட ஓர் இடம்தான் உண்டு. ஆனால் எல்லாச் சொல்லும் இவ்வளவு நல்லபடியாக நடந்துகொள்ளாது.

நன்னூல் சொல்லை ஒருமொழி, தொடர்மொழி, பொதுமொழி என்று மூன்றாகப் பகுக்கிறது. ‘வேங்கை’ என்பது ஒரு மரத்தின் பெயராகவோ புலியின் பெயராகவோ நின்றால் ஒருமொழி. ‘வேம் கை’ என்று பிரித்து ‘வேகின்ற கை’ என்று கொண்டால் தொடர்மொழி. இரண்டுக்கும் பொதுவாக நிற்பதால் அது பொதுமொழி. ‘எட்டு’ என்பதும் அப்படித்தான்: எண்ணாகவும் நிற்கும், ‘எள் து’ என்று பிரிந்து ‘எள்ளை உண்’ என்றும் பொருள் தரும். எஸ்பெராண்டோவில் பொதுமொழிகள் கொஞ்சம் நஞ்சமல்ல. ‘கொலேகோ’ என்றால் உடன் பணிபுரிபவர். ஆனால் ‘கோல்’ கழுத்து, ‘ஏக்’ பெரியது என்பதைக் காட்டும் விகுதி. அப்படி வெட்டினால் அதே சொல் ‘பெருங்கழுத்து’ ஆகிவிடும். ‘அவாரோ’ கஞ்சத்தனம், ‘அவ்’ தாத்தா, ‘ஆர்’ தொகுதி என்று வெட்டினால் தாத்தாக்களின் கூட்டம். ‘ஸென்தேமா’ என்பதை ‘ஸென்த்-ஏம்-ஆ’ என்று வெட்டினால் எளிதில் உணர்ச்சிவசப்படும் இயல்புடைய. ‘ஸென்-தேம்-ஆ’ என்று வெட்டினால் பேசுபொருள் இல்லாத.

எப்படித் தீர்ப்பது? என் வழக்கம் இது. கிடைக்கும் எல்லா வெட்டுகளையும் தாளில் எழுதுவேன். ஒவ்வொரு துண்டும் அகராதியில் தனி வேராகவோ, வேரின் முன்னோ பின்னோ சேரும் ஒட்டாகவோ இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு துண்டு இல்லாவிட்டாலும் அந்த வெட்டு முழுவதும் விழுந்துவிடும். கைப்பேசிக்கு எஸ்பெராண்டோவில் வழங்கும் ‘போஷ்தெலெஃபோனோ’ நல்ல பயிற்சி. ‘போஷ்’ என்றால் சட்டைப்பை. ‘போஷ்த்’ என்றால் அஞ்சல். எழுத்து மட்டத்தில் ‘போஷ்-தெலெஃபோன்’ என்றும் வெட்டலாம், ‘போஷ்த்-எலெஃபோன்’ என்றும் வெட்டலாம். ஆனால் ‘எலெஃபோன்’ என்று ஒரு வேர் இந்த மொழியில் இல்லை. யானைக்கு ‘எலெஃபாந்த்’ இருக்கிறது, அது வேறு. ஆகவே முதல் வெட்டே நிற்கும்: சட்டைப்பைத் தொலைபேசி. இரண்டு வெட்டுகளும் தேறிவிட்டால், சொல் வந்த வாக்கியம் மட்டுமே நடுவர்.

இன்னொன்று. இரண்டு வேர்களுக்கு நடுவே சில சமயம் ஓர் ‘ஓ’ நிற்கும். எழுதுமேசைக்கு ‘ஸ்க்ரிபோதாப்லோ’: ‘ஸ்க்ரிப்’ எழுது, ‘தாப்ல்’ மேசை, இடையில் உள்ள ‘ஓ’ நாக்கு தடுக்காமல் இருக்க வந்தது. நம் சாரியையைப் போல அது தனிப்பொருள் தராது. வேரின் பகுதி என்று நினைத்து அகராதியில் தேடினால் கிடைக்காது. ‘ஒக்குல்வித்ரோய்’ சொல்லில் ‘ல்’லும் ‘வி’யும் இயல்பாகப் பொருந்திவிடுவதால் அந்த ‘ஓ’ தேவைப்படவில்லை.

நான்காம் படி: தலை எது என்று பாருங்கள்

1887 நூலின் 11-ஆம் விதி கூட்டுச்சொற்களைப் பற்றியது: சொற்களை அப்படியே சேர்க்க வேண்டும், முதன்மையான சொல் கடைசியில் நிற்க வேண்டும். அங்கே கொடுத்த உதாரணம் ‘வப்போர்ஷிப்போ’, நீராவிக் கப்பல். ‘வப்போர்’ நீராவி, ‘ஷிப்’ கப்பல். இது ஒரு வகைக் கப்பலே தவிர ஒரு வகை நீராவி அன்று.

‘ஒக்குல்வித்ரோய்’ சொல்லில் கடைசியில் நிற்பது ‘வித்ர்’. எனவே இது ஒரு வகைக் கண்ணாடி. வரிசையை மாற்றி ‘வித்ரொக்குலோ’ என்று சொல்லிப் பாருங்கள்: அது கண்ணாடியால் செய்த செயற்கைக் கண்! ஸாமென்ஹோஃப் தொழிலால் கண் மருத்துவர். இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தூரம் அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இந்த விதி தமிழருக்கு வெகு இயல்பாக வரும். ‘மாம்பழம்’ பழம், ‘பழமரம்’ மரம். ஆனால் எல்லா மொழிகளுக்கும் இது பொதுவானது என்று எண்ணிவிடக் கூடாது. சுவீடிய மொழியில் மூக்குக்கண்ணாடிக்கு வழங்கும் சொல்லைத் துண்டாக்கினால் ‘கண்ணாடி’ முன்னும் ‘கண்கள்’ பின்னும் வரும். அதைத் துண்டுக்குத் துண்டு எஸ்பெராண்டோவாக்கினால் ஒரு ஜோடி செயற்கைக் கண்கள் கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி: மறைந்திருக்கும் உருபை விரியுங்கள்

கூட்டுச்சொல் தன் உள்ளே உள்ள உறவைச் சொல்வதில்லை. நீராவிக்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு? நீராவியை ஏற்றிச் செல்வதா, நீராவியால் செய்ததா, நீராவியால் இயங்குவதா? ‘வப்போர்ஷிப்போ’ என்ற சொல்லுக்குள் விடை இல்லை. உலகத்தை அறிந்த அறிவில்தான் இருக்கிறது.

இங்கே ‘உருபும் பயனும் உடன்தொக்க தொகை’ என்று பள்ளியில் படித்த நீண்ட பெயர் உயிர் பெற்று எழுந்து நிற்கிறது. வேற்றுமை உருபும், அதன் கருத்தை முடிக்கும் சொல்லும் சேர்ந்தே மறைந்திருக்கும் தொகை அது. வப்போர்ஷிப்போ: நீராவியால் இயங்கும் கப்பல்; மூன்றாம் வேற்றுமை. ஒக்குல்வித்ரோய்: கண்ணுக்கு அணியும் கண்ணாடி, நான்காம் வேற்றுமை. வித்ரொக்குலோ: கண்ணாடியால் ஆன கண்; மறுபடி மூன்றாம் வேற்றுமை. ஸ்க்ரிபோதாப்லோ? ‘எழுதுமேசை’ நமக்கு வினைத்தொகை. எழுதிய, எழுதுகிற, எழுதும் என்று முக்காலத்துக்கும் விரியும். எஸ்பெராண்டோவிலும் ‘ஸ்க்ரிப்’ வினைவேர்தான். காலவிகுதி எதையும் ஏற்காமல் மேசைக்கு முன்னால் நிற்கிறது.

ஒவ்வொரு சொல்லையும் இப்படி ஒரு முறை தமிழில் விரித்து எழுதுங்கள். சிரமமாகத் தோன்றலாம். ஆனால் அடுத்த படிகளில் மாதிரி தேடும்போது நாம் ஒப்பிடப்போவது இந்த விரிவைத்தான்.

ஆறாம் படி: துண்டுகளின் பிறப்பிடம்

இப்போது அகராதியைத் திறக்கலாம். எஸ்பெராண்டோவுக்கென்றே சொற்பிறப்பு அகராதிகள் உண்டு. எப்பே வில்போர்க் எழுதி 1989 முதல் 2001 வரை ஐந்து தொகுதிகளாக வந்த ‘எதிமொலொகீயா வொர்த்தாரோ’ அவற்றில் பெரியது. அது எஸ்பெராண்டோவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எனவே தொடக்கத்தில் மெதுவாகத்தான் படிக்க முடியும்.

‘ஒக்குல்’ லத்தீனின் ‘ஒக்குலுஸ்’ சொல்லிலிருந்து வந்தது. இத்தாலியம், ஸ்பானியம், பிரெஞ்சு மூன்றிலும் கண்ணுக்கு வழங்கும் சொற்கள் அதே லத்தீன் சொல்லின் பிள்ளைகள்தான். ஆனால் காலப்போக்கில் ஒன்றையொன்று அடையாளம் தெரியாத அளவுக்குத் தேய்ந்துபோனவை. அவற்றில் எதை எடுத்தாலும் மற்றவர்களுக்குப் புரியாது. லத்தீன் வடிவமோ படித்தவர்களின் சொற்களில் எங்கும் உயிரோடு இருந்தது: போலந்து மொழியில் கண் மருத்துவருக்கு ‘ஒக்குலிஸ்தா’, மூக்குக்கண்ணாடிக்கு ‘ஒக்குலாரி’. பல மொழிகளில் அறிமுகமான வடிவத்தையே ஸாமென்ஹோஃப் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு இந்த வேர் நல்ல சான்று.

இன்னும் ஆழமாகப் போனால் லத்தீனின் ‘ஒக்குலுஸ்’, ஸ்லாவிய மொழிகளின் ‘ஓகோ’, ஜெர்மனின் ‘ஆவ்கெ’, ஆங்கிலத்தின் ‘ஐ’, சமஸ்கிருதத்தின் ‘அக்ஷி’ எல்லாம் ஒரே பழைய இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள். மீனாட்சி, காமாட்சி, விசாலாட்சி என்ற பெயர்களின் கடைசியில் உள்ள ‘ஆட்சி’க்குள் அந்த ‘அக்ஷி’தான் இருக்கிறது. மீனாட்சியின் கண்ணும் ஒக்குலும் ஒரே கொடியில் காய்த்தவை என்று அறிந்த நாளில் எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது. நம் ‘கண்’ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது திராவிடச் சொல்.

‘வித்ர்’ லத்தீனின் ‘வித்ரும்’. பிரெஞ்சில் ஜன்னல் கண்ணாடிக்கு ‘வித்ர்’ என்றே சொல்கிறார்கள். இதற்கு அருகிலேயே ஒரு குழி இருக்கிறது. ஆங்கிலம் வழியாக வருபவர்கள் ‘கிளாஸ்’ என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு ‘ஒக்குல்க்ளாஸோய்’ என்று சொல்லிவிடுவார்கள். எஸ்பெராண்டோவில் ‘க்ளாஸோ’ குடிக்கும் குவளை மட்டுமே; பொருளுக்கு ‘வித்ரோ’. ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே சொல்லில் அடக்கிய இரண்டு பொருள்களுக்கு ஸாமென்ஹோஃப் இரண்டு வேர்களை, இரண்டு குடும்பங்களிலிருந்து எடுத்தார்: குவளைக்கு ஜெர்மானியச் சொல், பொருளுக்கு லத்தீன் சொல்.

ஒட்டுகளின் பிறப்பைத் தேடும்போது கூடுதல் கவனம் வேண்டும். ‘மல்’ என்ற முன்னொட்டு பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் ‘கெட்ட, தவறான’ என்ற சாயல் உண்டு. எஸ்பெராண்டோவில் அது எதிர்ச்சொல்லை ஆக்குவது மட்டுமே: ‘போனா’ நல்ல, ‘மல்போனா’ கெட்ட, ‘ஃபெர்மி’ மூடு, ‘மல்ஃபெர்மி’ திற. திறப்பதில் கெடுதல் ஒன்றும் இல்லையே! பிறந்த வீட்டில் இருந்த பொருளைப் புகுந்த வீட்டிலும் தேடினால் இப்படித்தான் தடுமாற வேண்டும். நானும் தொடக்கத்தில் இதில் பல நாள் குழம்பியிருக்கிறேன்.

சில வேர்களின் பிறப்பு ஒரே வரியில் முடியாது. ‘எத்ஸ்’ என்றால் கணவன், ‘எத்ஸீனோ’ மனைவி. ‘ஈன்’ பெண்பால் விகுதி. இந்த ‘எத்ஸ்’ எந்த மொழியிலும் கணவன் என்ற பொருளில் இல்லை. இளவரசியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் வாலிலிருந்து முதலில் ‘எத்ஸீன்’ பிரிந்து, பிறகு அதிலிருந்து ‘எத்ஸ்’ பிரிந்தது என்பது ஒரு விளக்கம். யூத குருவின் மனைவியைக் குறிக்கும், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷின் சொல்லைக் காட்டுவது இன்னொரு விளக்கம். இரண்டிலும் மனைவி முதலில் பிறந்து, கணவன் பிறகு பிறக்கிறான். இப்படிப்பட்ட இடத்தில் இரு விளக்கங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவசரப்பட வேண்டாம்.

ஏழாம் படி: சேர்க்கையின் மாதிரி

துண்டுகள் லத்தீன் என்பதால் கூட்டும் லத்தீனிலிருந்து வந்தது என்று எழுதிவிடுவது, புதியவர்கள் செய்யும் பிழைகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பண்டை ரோமில் மூக்குக்கண்ணாடியே கிடையாது.

செய்ய வேண்டியது இதுதான். அந்தப் பொருளுக்குப் பல மொழிகளில் உள்ள பெயர்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் எதைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது என்று எழுதுங்கள். மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டால் அது ஒரு விருந்து. ஜெர்மனின் ‘பிரில்லெ’ செய்பொருளைப் பார்க்கிறது. பளிங்கு போன்ற பெரில் கல்லின் பெயரிலிருந்து வந்தது. பிரெஞ்சின் ‘லுனெத்’ வடிவத்தைப் பார்க்கிறது. குட்டி நிலவு என்று பொருள். ரஷ்யப் பெயரும் போலந்துப் பெயரும் கண்ணைப் பார்க்கின்றன. நம் மூக்குக்கண்ணாடி அது அமரும் இடத்தைப் பார்க்கிறது.

கண்ணையும் கண்ணாடியையும் சேர்த்துப் பெயரிட்ட மொழிகள் எவை? ஆஸ்திரியாவில் பேசும் ஜெர்மனில் ‘ஆவ்கென்கிளேஸர்’ என்ற சொல் உண்டு, கண்-கண்ணாடிகள். ஆங்கிலத்தின் ‘ஐகிளாஸஸ்’ அதுவே. ஹங்கேரிய மொழியிலும் ஃபின்னிய மொழியிலும் அதே இரண்டு துண்டுகள், அதே வரிசை. ஸாமென்ஹோஃபுக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். கண் மருத்துவப் பயிற்சிக்காக வியன்னாவிலும் இருந்திருக்கிறார். இதை வைத்து ஆஸ்திரிய ஜெர்மன் சொல்லே மாதிரி என்று முடிவு கட்டிவிட ஆசை வரும். அவரே அப்படிச் சொன்னதாக ஆவணம் ஏதேனும் கையில் இருந்தால் ஒழிய ‘மாதிரியாக இருந்திருக்கலாம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. கண்ணையும் கண்ணாடியையும் சேர்க்கும் எண்ணம் யாருக்கும் தோன்றக்கூடியது. சீன மொழியில்கூட மூக்குக்கண்ணாடிக்குக் கண் என்ற எழுத்தும் நிலைக்கண்ணாடி என்ற எழுத்தும் சேர்ந்த சொல்தான்.

நிலைக்கண்ணாடி என்றதும் நம் சொல்லுக்குத் திரும்புவோம். ‘கண்ணாடி’ என்பதையே ‘கண் ஆடி’ என்று பிரிப்பார்கள். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்ததால் இரட்டித்திருக்கிறது. ‘ஆடி’ என்றால் உருவம் காட்டும் பளிங்கு; அறிவியல் பாடத்தில் வரும் குழியாடி, குவியாடி என்ற சொற்களில் அது இன்றும் இருக்கிறது. அதாவது ‘ஒக்குல்’ பக்கத்தில் ‘வித்ர்’ நிற்பது போலவே ‘கண்’ பக்கத்தில் ‘ஆடி’ நிற்கிறது. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. ஒற்றுமையைக் கண்டதும் உறவு கற்பித்துவிடக் கூடாது என்பதற்கு நம் வீட்டிலேயே உள்ள சான்று இது.

பன்மைக்கும் ஒரு வார்த்தை. ஒரே ஒரு மூக்குக்கண்ணாடியைச் சொல்லும்போதும் எஸ்பெராண்டோவில் வழக்கமாகப் பன்மைதான், ஏனென்றால் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு கண்ணாடிகள். பிரெஞ்சு, ரஷ்யன், போலந்து, ஆங்கிலம் எல்லாவற்றிலும் இந்த வழக்கம் உண்டு. ஜெர்மனின் ‘பிரில்லெ’யும் நம் மூக்குக்கண்ணாடியும் ஒருமை. சேர்க்கையைப் போலவே எண்ணுக்கும் மாதிரி தேட வேண்டும் என்பது பலர் மறந்துவிடும் செய்தி.

இதே படியை ‘ஃபெர்வோயோ’ என்ற சொல்லில் செய்து பாருங்கள். ‘ஃபெர்’ இரும்பு, லத்தீனின் ‘ஃபெர்ரும்’, பிரெஞ்சின் ‘ஃபெர்’. ‘வோய்’ வழி, லத்தீனின் ‘வியா’, பிரெஞ்சின் ‘வுவா’. விரித்தால் இரும்பால் ஆன வழி: ரயில் பாதை. மாதிரி தேடினால் திகைத்துப்போவீர்கள். இத்தாலியத்தின் ‘ஃபெர்ரோவீயா’ துண்டுக்குத் துண்டு அதே சொல். ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன், சுவீடியம், ஹங்கேரியம், ஃபின்னியம், துருக்கி எல்லாவற்றிலும் ரயில் பாதை ‘இரும்பு வழி’யே. தமிழிலும் இருப்புப்பாதை, ‘இரும்பு’ என்பதன் மெல்லினம் வல்லினமாகி ‘இருப்பு’ ஆனதைத் தவிர வேறு வேறுபாடு இல்லை. எஸ்பெராண்டோவில் அந்த மாற்றம்கூட நிகழாது. இப்படிப் பத்து மொழிகள் ஒரே விடையைச் சொன்னால் ‘இன்ன மொழியிலிருந்து’ என்று எழுதாதீர்கள். ‘பல மொழிகளுக்குப் பொதுவான வார்ப்பு’ என்று எழுதுங்கள்.

எட்டாம் படி: காலத்தைக் குறியுங்கள்

வேர்களின் வயதை அறிய எளிய வழி, 1905-இல் வெளிவந்த ‘ஃபுண்டமெண்டோ’ என்ற அடிப்படை நூலைப் பார்ப்பது. பிரான்சின் பூலோன்-சுர்-மேர் நகரில் முதல் உலக மாநாடு கூடிய ஆண்டும் அதுதான். அந்த நூலில் உள்ள சொற்பட்டியல் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன், போலந்து ஆகிய ஐந்து மொழிகளில் பொருள் தருகிறது. ‘ஒக்குல்’, ‘வித்ர்’ இரண்டும் அதில் உண்டு. அதில் இல்லாத வேர்கள் பெரும்பாலும் பின்னால் சேர்ந்தவை. அவற்றுள் ஒரு பகுதியை எஸ்பெராண்டோ அகாதமி 1909 தொடங்கி அவ்வப்போது ஏற்று வந்திருக்கிறது.

வேரின் வயதும் கூட்டின் வயதும் ஒன்றல்ல. மின்னஞ்சலுக்கு வழங்கும் ‘ரெத்போஷ்தோ’ சொல்லில் ‘ரெத்’ வலை, ‘போஷ்த்’ அஞ்சல். இரண்டும் பழைய வேர்கள். ஆனால் ஸாமென்ஹோஃப் 1917-இல் மறைந்துவிட்டார். வலையஞ்சலை அவர் கணக்கில் எழுத முடியாது. போஷ்தெலெஃபோனோவும் அப்படியே. அவற்றை ஆக்கியவர்கள் அந்த மொழியைப் பேசிய மக்கள்.

இவ்வளவையும் ஒரு சிறு சீட்டில் அடக்கிவிடலாம். என் சீட்டு இப்படி இருக்கும்: ‘ஒக்குல்வித்ரோய். ஒக்குல் வித்ர் ஓ ய். தலை: வித்ர். விரிவு: கண்ணுக்கு அணியும் கண்ணாடிகள், நான்காம் வேற்றுமை. வேர்கள்: இரண்டும் லத்தீன், இரண்டும் 1905 பட்டியலில் உள்ளவை. சேர்க்கை: ஆஸ்திரிய ஜெர்மன், ஆங்கிலம், ஹங்கேரியம், ஃபின்னியம் ஒப்பிடுக, நேர்ச்சான்று இல்லை. பன்மை வழக்கு: பிரெஞ்சு, ரஷ்யன், போலந்து, ஆங்கிலம் போல. தவிர்க்க: க்ளாஸ்.’

அடுத்த சீட்டுக்கு ‘மல்ஸனுலேயோ’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு வழங்கும் சொல் இது. ‘ஸன்’ நலம், லத்தீனின் ‘ஸானுஸ்’. ‘உல்’ ஒரு பண்பை உடைய ஆள், ‘ஏய்’ இடம். மல், ஸன், உல், ஏய், ஓ: நலத்துக்கு எதிரான நிலையில் உள்ளவர்கள் இருக்கும் இடம். இதற்குப் போட்டியாக ‘ஹொஸ்பிதாலோ’ என்ற கடன்சொல்லும் வழங்குகிறது. ஏழாம் படியில் உங்களுக்கு நல்ல வேலை காத்திருக்கிறது: மருத்துவமனைக்கு ‘நோயாளிகளின் வீடு’ என்ற பொருளில் பெயர் வைத்த மொழிகள் எவை என்று தேடுங்கள். ஜெர்மனிலிருந்து தொடங்கலாம்.